சித்தப்பாவின் 88 மாடல் புல்லட்: ஏழு மாதக் கணக்கு

மணப்பாறையில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் 11 வருடமாக நின்ற வண்டி. 1988 மாடல், 350 ஸ்டாண்டர்டு புல்லட். மாடுகளை விற்ற பிறகும் வண்டியை விற்கவில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை விலை கேட்டு வந்தார். இரண்டு முறையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார் சித்தப்பா. போன ஆவணியில் நான் போய்க் கேட்டபோது, "ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ. பளபளன்னு பண்ணி வாசல்ல நிறுத்தி வைக்கிறதா இருந்தா இங்கேயே கெடக்கட்டும்" என்றார். குட்டியானை லோடு வண்டி ஒன்று பிடித்துத் திருச்சிக்கு ஏற்றி வந்தேன்.

முதல் மூன்று ஞாயிறும் நட்டு போல்ட்டோடு சண்டையிலேயே போயின. இந்தப் பழைய புல்லட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, அதாவது இஞ்ச் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரில் 13 ஏறாது, 14 போட்டால் லேசாக ஆடும். அதற்கென்று கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனர் இருக்கிறது. கால் இஞ்ச் என்பது போல்ட்டின் தடிமன், ஸ்பேனரின் வாய் அகலம் 13.3 மில்லிமீட்டர் வரும். இந்த ஒரு ஸ்பேனர் இல்லாமல் இருபத்தைந்து வருடம் எத்தனை பேர் 14-ஐ மாட்டித் திருகினார்களோ, பாதி போல்ட்டுகளின் தலை உருண்டையாகிவிட்டது. இரண்டைச் சூடேற்றிக் கழற்றினேன். ஒன்றை உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஸ்பேனர் செட்டைச் சென்னை ஜிபி ரோட்டில் வாங்கினேன். அப்படியே புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றியதில் பழைய ஆம்பியர் மீட்டர் ஒன்றும் கிடைத்தது.

இந்த வண்டியைப் பற்றி எனக்கு வந்த ஒரே அபிப்பிராயம் அந்த மூன்று வாரத்தில் உருவானதுதான்: இது பழசாகிக் கெட்டதைவிடப் பழுதுபார்த்துக் கெட்டதே அதிகம்.

என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியதும் அதற்குச் சாட்சியும் கிடைத்தது. வால்வுகளை அமுக்கித் திறக்கிற ராக்கருக்கு ஆயில் போகும் குழாயின் துளையில் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் இழுத்தால் மண்புழு மாதிரி வந்தது. பேக்கிங் ஒட்டுகிற சிவப்பு கம். ஆயில் கசிகிறது என்று எவரோ தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார். மிச்சம் உள்பக்கம் வழிந்து துளையை அடைத்துவிட்டது. வெளியே கசிவு நின்றிருக்கும், உள்ளே ராக்கர் காய்ந்து தேய்ந்துவிட்டது. வேலை பார்த்துத் தருகிற மெக்கானிக் அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, புல்லட்டு கசிஞ்சா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். கசியலேன்னாதான் பயப்படணும்" என்றார். சிரித்தேன். பங்குனியில் அதே வாக்கியம் என் பக்கம் திரும்பும் என்று அப்போது தெரியாது.

பிஸ்டன் ஓடுகிற பேரலில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. லேத்தில் கொடுத்துத் துளையை 0.50 மில்லிமீட்டர் அகலமாக்கி (ஓவர்சைஸ் போர்), புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டாயிற்று. அசல் கணக்கு 70 மில்லிமீட்டர் போர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், 346 சிசி. ஸ்ட்ரோக் இவ்வளவு நீளம் என்பதால்தான் அந்த நிதானமான அடி. கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை. நான்கு கியரும் விழுகிறது, சத்தமில்லை, அப்புறம் அதற்குள் எனக்கென்ன வேலை? ஒயரிங் முழுக்கப் புதுசு. எலி அதில் எனக்கு வேறு வழி வைக்கவில்லை.

பெட்ரோல் டேங்கைக் கவிழ்த்தபோது டீத்தூள் மாதிரித் துரு கொட்டியது. உள்ளே ஒரு கிலோ நட்டும் இரண்டு லிட்டர் டீசலும் போட்டு, மூடியைக் கட்டி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றி மொட்டை மாடியில் உருட்டினேன். நான்கு நாள், தினமும் அரை மணி நேரம். கீழ்வீட்டுக்காரர் மூன்றாம் நாள் மேலே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். உருட்டி முடித்து உள்ளே போட்ட நட்டுகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. அதைத் தேட இன்னொரு அரை நாள்.

பெயின்ட் விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. தம்பிக்கு மேட் கறுப்பு வேண்டும். எனக்குப் பழைய கறுப்பும் தங்கக் கோடும். புல்லட்டைத் தயாரித்த திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க் மீது அந்தக் கோட்டை ஆட்கள் கையாலேயே, பிரஷ் பிடித்து இழுப்பார்கள். ஸ்டிக்கரில் வருகிற கோட்டில் அந்த இழுப்பு இருக்காது. இங்கே லாரிக்குப் பூப்போடுகிற பெரியவர் ஒருவரைப் பிடித்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டார். இடது பக்கம் முட்டி வைக்கிற இடத்துக்கு மேலே கோடு ஒரு நூல் தடித்திருக்கிறது. அழித்துப் போடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன்.

தை மாதம் என்ஜின் கோத்தாயிற்று. டாப்பெட், அதாவது வால்வுக்கான இடைவெளி வைப்பதற்கு இதில் ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு தேவையில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்ததும், ராக்கரைத் தள்ளுகிற புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சொல்வதற்கு இவ்வளவுதான். எனக்கு அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் பிடிபட ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. திறக்கும்போது தீப்பொறியைக் கிளப்புகிற பாயிண்ட்டின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய, அதாவது டைமிங்குக்குச் சிகரெட் தாள்: பாயிண்ட்டுக்கு நடுவே தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே என்ஜினைச் சுற்றினால், பாயிண்ட் திறக்கிற கணத்தில் தாள் நழுவி வந்துவிடும். அப்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் இல்லாததால் அந்தத் தாளை வாங்கியதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ராக்கர் குழாயின் மேல் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வைத்தோம். கிக்கரை மிதிக்க மிதிக்க முதலில் குமிழி வந்தது, பிறகு ஆயில் துளிர்த்தது. இறுக்கினோம். ஏழாவது உதையில் பிடித்தது. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது, எனக்கும் வண்டிக்கும்.

பங்குனியில் நான் செய்த கூத்து. டைமிங் கவர் ஓரம் லேசாகக் கசிந்தது. இன்னும் கால் சுற்று என்று திருகினேன். சட்டென்று திருகு லேசாகிவிட்டது. அலுமினிய கேஸில் மரை போய்விட்டது. அண்ணன் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "கசிஞ்சா என்னன்னு சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். லேத்தில் துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற உலோகக் குழலை இறக்கி, புது மரை வெட்டினோம்.

வண்டியின் ஆர்டிஓ பதிவு 2013-லேயே முடிந்திருந்தது. முதல் 15 வருடத்துக்குப் பிறகு இரண்டு முறை ஐந்தைந்து வருடம் நீட்டித்த சித்தப்பா, அப்புறம் விட்டுவிட்டார். படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, புதுப்பித்தாயிற்று. செலவுக் கணக்கை இங்கே எழுதவில்லை, வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

போன வாரம் மணப்பாறைக்கு ஓட்டிப் போனேன். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். விராலிமலை தாண்டி ஓர் ஆடு குறுக்கே வந்ததும் பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினேன். இரண்டாவது கியரிலிருந்த வண்டி மூன்றாவதுக்குப் போனது. ஆடு தானாகவே விலகிக்கொண்டது.

சித்தப்பாவுக்கு 72 வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சாவியைத் திருப்பி, என்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளினார். கண் ஆம்பியர் மீட்டரில். இடப்பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்து நின்றதும் டீகம்ப்ரஸரை விட்டார், கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. பிடித்துக்கொண்டது. நான் தை மாதத்திலிருந்து உதைத்த உதையெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை. கோயில் வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, கொட்டகையில் பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

காலையில் போய்ப் பார்த்தால் வண்டிக்குக் கீழே ஒரு அட்டையைப் போட்டு வைத்திருந்தார். அட்டையில் மூன்று சொட்டு ஆயில், புஷ் இறக்கிய அந்தத் திருகுக்கு நேர் கீழே.

"யாரு கை வச்சது?" என்றார் சித்தப்பா.