கலண்டர் தாளில் எழுதிய சட்டங்கள்

1992 ஜனவரியில் ஆண்டு நாலுக்கு ஏறினோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஒன்றரை வருடம். கொப்பி, பேனை, வெண்கட்டி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்பு ரீச்சர், "இந்த வகுப்புக்கு என்ன சட்டம் வேணும்? நீங்களே சொல்லுங்கோ" என்றார். பூவரசந் தடிக்குப் பழகிய எங்களுக்குக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

விளங்கியதும் விடவில்லை. கதைத்தால் தோப்புக்கரணம், வீட்டுவேலை செய்யாவிட்டால் வெயிலில் முழங்கால், பிந்தி வந்தால் இரண்டும். பிள்ளைகள் கையில் சட்டத்தைக் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கடுமையாகத்தான் எழுதுவார்கள். ரீச்சர் ஒன்றையும் மறுக்கவில்லை. "சரி, நாளைக்கு நான் பிந்தி வந்தால்?" என்று மட்டும் கேட்டார். தண்டனைகள் எல்லாம் அழிந்தன. ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்பது, வெண்கட்டித் துண்டை எறியாமல் பெட்டியில் போடுவது என்று சில வரிகள்தான் மிஞ்சின. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டினோம்.

ரொறன்ரோவில் என் மகளின் வகுப்பிலும் ஒவ்வொரு செப்டெம்பரும் இப்படி ஒரு தாள் சுவரில் ஏறும். வண்ணப் பேனை, எல்லோருடைய கையொப்பமும். ஆனால் வருடா வருடம் அதே வரிகள்; பிள்ளைகளிடம் கேட்க முதலே முடிவாகிவிட்டதோ என்று தோன்றும். பிள்ளையின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. 1989இல் வந்த அதை இலங்கை 1991இல் ஏற்றது. எங்கள் ரீச்சர் அதைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கொழும்புப் பேப்பரே ஒழுங்காக வராத காலம்.

பெரிய வாக்குவாதம் பங்கரைப் பற்றித்தான், குண்டு விழும்போது ஒளியும் பதுங்குகுழி. எங்களோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். குண்டு போட வரும் விமானமான பொம்மரின் சத்தம் கேட்டால் பங்கருக்கு யார் முதலில் ஓடுவது? பெண் பிள்ளைகள் என்றாள் மொனிற்றர். கதவடியில் இருந்த ஒருவன் எழும்பினான். "நாங்கள் நிண்டு வழி விட்டால் கதவில நெரிபடும். கிட்ட இருக்கிறவை முதல்ல போகோணும்."

நியாயம்தான். அப்படியென்றால் ஓட ஏலாதவர்கள் அல்லவா கதவடியில் இருக்க வேண்டும்? அன்றைக்கே வாங்குகளை மாற்றினோம். கால் ஏலாத தோழி ஒருத்தி கதவடிக்கு வந்தாள். நியாயம் பேசியவன் முணுமுணுத்துக்கொண்டே மூலைக்குப் போனான்.

அப்புறம் ரீச்சர் தன் பங்குக்கு ஒரு வரி எழுதினார்: "ரீச்சர் கடைசியாக வருவார்." அதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரீச்சர் நடுவில்தான் வரவேண்டும் என்று முழு வகுப்பும் கை தூக்கியது. எதிர்த்துத் தூக்கியது அவருடைய கை ஒன்றுதான். கொஞ்சம் வாதாடிப் பார்த்தார், சரிவரவில்லை. 'கடைசியாக' என்பதை வெட்டி 'நடுவில்' என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் வைத்தார்.