அடுத்தவர் வயலில் ஒரு மஞ்சள் அம்பு

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஒரு பண்ணை வேலியில் ஆணியடித்திருந்த மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு உள்ளே போகத் தயங்கி நின்றேன். அந்தப் பக்கம் கோதுமை வயல், யாரோ பாடுபட்டு விதைத்தது, அதில் எப்படிக் கால் வைப்பது? கூட வந்த நண்பர் சிரித்துக்கொண்டே மரப்படி ஏறி இறங்கிப் போய்விட்டார். நிலம் உழவருடையது, ஆனால் அந்த அம்பு காட்டும் நடைபாதைத் தடத்தில் நடக்கிற உரிமை ஊருக்கே உண்டாம். உழுதாலும் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையை மறுபடி சரிசெய்து தர வேண்டியது அவர் கடமை.

தடத்தை விட்டு விலகினால் கதை வேறு. இஷ்டப்படி சுற்ற 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மலையும் மேய்ச்சல் மேடும் இங்கிலாந்தில் சுமார் 8 சதவீதம்தான். ஸ்காட்லாந்தில் 2003-லேயே ஏறக்குறைய எல்லா நிலத்திலும், பொறுப்பாக நடந்துகொண்டால், போகலாம் என்றாக்கிவிட்டார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் பரந்து கிடக்கும் மேட்டுநிலமான டார்ட்மூர் பற்றிய வழக்கைத்தான் நான் விடாமல் படித்தேன். அங்கே பெரிய எஸ்டேட் வைத்திருக்கும் அலெக்சாண்டர் டார்வலும் அவர் மனைவியும், தங்கள் நிலத்தில் அனுமதியில்லாமல் கூடாரம் போடக்கூடாது என்று நீதிமன்றம் போனார்கள். டார்ட்மூருக்கென்றே உள்ள 1985-ஆம் ஆண்டுச் சட்டம், நடந்தோ குதிரையிலோ வந்து திறந்தவெளியில் பொழுதுபோக்கலாம் என்கிறது. தூங்குவது பொழுதுபோக்கா? இதற்குத்தான் இரண்டு வருடத்துக்கும் மேல் வாதம்! 2023 ஜனவரியில் டார்வல் பக்கம் தீர்ப்பு, அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் அது ரத்து, கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூடாரக்காரர்கள் பக்கம். நடந்தோ குதிரையிலோ என்பது வந்து சேரும் விதத்தைத்தான் சொல்கிறது, வந்தபின் என்ன செய்யலாம் என்பதை அல்ல என்று விளக்கினார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது.

ஆனால் உழவர் பக்கமும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். போன வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் நேரம், எங்களுக்கு முன்னால் போன ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். சினை ஆடுகள் மிரண்டு மூலைக்கு மூலை சிதறி ஓடின. டிராக்டரிலிருந்து இறங்கி வந்த பண்ணைக்காரர் அந்த ஆளை விட்டுவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார், நாங்களும் பேசாமல் வாங்கிக்கொண்டோம். கதவைத் திறந்து போட்டுப் போகிறவர்கள், சீஸ் பாக்கெட்டை வீசுகிறவர்கள் என்று அவரிடம் ஒரு பெரிய பட்டியலே இருந்தது.

கூடாரம் வாங்கிவிட்டேன். டார்ட்மூரில் மழை விட்டால் போக வேண்டும், இன்னும் விட்டபாடில்லை.