இந்தக் கட்டில்ல யாராச்சும் தவறிட்டாங்களா?

அந்த அக்கா போன்ல கேட்டது இது ஒண்ணுதான். "தம்பி, இந்த கட்டில்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" நான் "ஆமாங்க்கா"ன்னுட்டேன். அவ்ளோதான் மேட்டர். வீட்ல வச்சுப் பாத்துக்குற பேஷண்டுங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டில் வாடகைக்கு வுடுற எங்க குடோன்ல எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் என் வாயில சனி உக்காந்துகினு இருக்குற மாதிரிதான் பேசுறாங்க.

பொய் கூட சொல்ல வேணாம், "தெரியலக்கா"ன்னா முடிஞ்சுது. ஆனா எனக்குத் தெரியுமே. ஸ்டாக் ஷீட்ல கட்டில் நம்பர், உள்ள இருக்கா, வெளிய இருக்கா, சர்வீஸ்ல இருக்கா, டெபாசிட் எவ்ளோ, கடைசில ரிமார்க்ஸ். ஏன் திரும்பி வந்துச்சுன்னு அதுல எழுதுற பழக்கத்த ஆரம்பிச்சதே நான்தான். பேஷண்ட் ஓகே, ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்ட், எக்ஸ்பயர்டு, இப்படி. எந்த கேஸுக்கு கட்டில் எவ்ளோ நாள் வெளிய நிக்கும்னு தெரிஞ்சாதான அடுத்த பார்ட்டிக்கு தேதி சொல்ல முடியும். இடுப்பு எலும்பு ஆபரேஷன்னா ரெண்டு மூணு மாசத்துல வந்துரும், ஸ்ட்ரோக்குன்னா வருஷம் கூட ஆவும், இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்புன கேன்சர் கேஸ்னா பல தடவ ஒரு மாச வாடகையே முழுசா ஓடாது. கேக்க கொடூரமாத்தான் இருக்கும், ஆனா கட்டில் கணக்குன்னா அதான்.

அன்னிக்கு குடோன்ல செமி ஃபௌலர், அதாவது தல பக்கத்த ஒசத்தி வைக்கிற கட்டில், ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. மதியம்தான் தண்டையார்பேட்டைலேந்து குட்டியானைல வந்து எறங்குச்சு. 1 சதவீத ஹைப்போல, அதான் கிருமி சாவடிக்கிற ப்ளீச் தண்ணில தொடச்சு, பத்து நிமிஷம் ஊற வுட்டு, திரும்ப நல்ல தண்ணில தொடைக்கணும், இல்லன்னா இரும்பு துரு புடிச்சிரும். பசங்க அத பண்ணிகினு இருக்கும்போதுதான் போன். காலடிப்பேட்டை. அம்மாவுக்கு ஸ்ட்ரோக், மூக்குல டியூப், சாயந்தரமே டிஸ்சார்ஜ்.

மொதல்ல நானும் மழுப்பிதான் பாத்தேன். "நல்லா க்ளீன் பண்ணிதான்க்கா தருவோம்."

"அத கேக்கல தம்பி."

"ஆஸ்பத்திரில இத கேப்பீங்களாக்கா? ஸ்டான்லில பெட்டு கெடச்சா போதும்னுதான நிப்போம்?"

"அது ஆஸ்பத்திரி கட்டில்பா. இது என் வூட்டு நடு ஹால்ல, சாமி படத்துக்கு எதுர கெடக்கப் போற கட்டில்."

இதுக்கு மேல எனக்கு வாய் வரல. சொல்லிட்டேன். வேணாம்பான்னு வச்சிட்டாங்க. மொதலாளி பக்கத்துலயேதான் நின்னாரு, "உனக்கு சம்பளம் கட்டில் அனுப்புறதுக்கு, சாட்சி சொல்றதுக்கு இல்ல"ன்னாரு. ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு எடுக்குறவங்க ஒருத்தராச்சும் இந்த கேள்விய கேட்டிருக்காங்களா சொல்லுங்க.

சரி, உண்மையத்தான சொன்னோம்னு நிம்மதியா இருந்திருக்கலாம். மறுநாள் அந்த அக்காவே திரும்ப போன் பண்ணாங்க. ராத்திரி பூரா அம்மாவ தரைல மெத்த போட்டு படுக்க வச்சிருக்காங்க. டியூப்ல கஞ்சி ஊத்துற பேஷண்டுக்கு தல பக்கம் 30 டிகிரியாச்சும் ஒசந்து இருக்கணும், இல்லன்னா உள்ள போறது ஏறி நுரையீரலுக்குப் போயிரும், செமி ஃபௌலர்ல தல பக்கத்த ஒசத்த ஒரு ஹேண்டில் வச்சிருக்கறது அதுக்குத்தான். தலவாணியா அடுக்கி வச்சு, அது சரிய சரிய இவங்க முழுச்சிகினே புடிச்சிருக்காங்க. ஒண்ணும் ஆவல. ஆயிருந்தா? அப்ப நான் சொன்ன உண்மைய எங்க கொண்டு போய் வைக்கிறது? ஆனா கேட்டது அவங்கதான, வேணாம்னதும் அவங்கதான. இப்படியே மாத்தி மாத்தி ஓடிகினு இருக்கு மண்டைல.

அதோட முடிஞ்சிருந்தா கூட பரவால்ல. அன்னிக்கு மொதலாளி பெரம்பூர்ல தெரிஞ்ச டீலர்கிட்ட ஒரு கட்டில் மாத்து வாங்கி அனுப்புனாரு. அது மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமோட ஐசியூ கட்டில், லாட்டா எடுத்து பெயிண்ட் அடிச்சது. எத்தன பேருன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் இருக்காது. அக்கா பாத்துட்டு "புதுசு மாதிரி இருக்கு தம்பி"ன்னாங்க. அந்த கேள்விய இந்த வாட்டி கேக்கல. நானும் வாய தொறக்கல. கேட்டாதான பதிலுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு கேட்டா, மொத நாள் ராத்திரி கத தெரிஞ்சப்புறம், சத்தியமா தெரியல. தலவாணி புடிச்சிகினு இன்னொரு ராத்திரி அவங்க உக்காரணுமா?

வேணாம்னு சொன்ன அந்த கட்டில் அதே சாயந்தரம் காசிமேட்டுக்குப் போச்சு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மாடிப்படி குறுகலு, ஏறுமா? தல பலகையும் கால் பலகையும் கழட்டுனா ஏறும்னேன்.

இப்ப ரிமார்க்ஸ்ல "ரிட்டர்ன்"னு மட்டும்தான் போடுறேன். லோடுமேன் வந்து "சார், அந்த வூட்ல இன்னாச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா, வேணாம் சொல்லாதன்னுடுறேன். தேதி சொல்றது நெறய தப்பாவுது, போன வாரம் கூட ஒரு பார்ட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிகினேன். ஆனா யாராச்சும் கேட்டா "தெரியாதுங்க"ன்னு பொய் இல்லாம சொல்லலாம் பாருங்க. மொதலாளிக்கு இதுல ரொம்ப சந்தோஷம், இப்பதான் தொழில் கத்துகினன்னு சொல்றாரு. அதான் எனக்கு கடுப்பா இருக்கு.