அந்த 11 நாள்

“எங்களுடைய 11 நாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது அண்ணா?”

11 நாள் வேலைநிறுத்தம் முடிந்து ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், கேன்டீன் வாசலில் கை கழுவும் குழாயருகே, எங்களோடு நின்ற காண்ட்ராக்ட் தொழிலாளிகளில் ஒருவரான செய்யாற்றுத் தம்பி என்னிடம் கேட்டது இது. 2013-ஆம் ஆண்டு. என் கையில் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் நகல் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிர்வாகத் தரப்பு, சங்கத் தரப்பு, சமரச அலுவலர் என்று வரிசையாகக் கையெழுத்துகள். சங்கத் தரப்பில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. பக்க எண்ணைச் சொன்னால் தானே படித்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டார். அப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று நம்பியிருந்தார்.

நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன். “நிரந்தரம் என்பது சட்டச் சிக்கல் தம்பி. வழக்குப் போட்டால் பத்து வருடம் இழுக்கும். அடுத்த ஒப்பந்தத்தில் பார்ப்போம்.”

அவர் நிரந்தரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின.

நிரந்தரத்தைப் பற்றி என்னிடம் பதில் தயாராக இருந்தது. இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளி அந்த 480 நாளை எப்படிக் காட்டுவார்? ஆண்டு முடிந்தால் காண்ட்ராக்டரின் பெயர் மாறும், பி.எஃப். எண் மாறும், நடுவே பத்து நாள் வேலை இருக்காது. காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டால் அந்தத் தொழிலாளர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1996-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001-ல் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பில் அதை மாற்றிவிட்டது. தடை வந்தாலும் தாமாக நிரந்தரமாக மாட்டார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்த 41 காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் நிரந்தரம் எங்கள் கோரிக்கைப் பட்டியலில் 14-வது. அது மேசையில் இருக்கும்வரை மற்றவற்றைப் பேச மாட்டோம் என்றது நிர்வாகம். வெளியே எங்கள் உறுப்பினர் வீடுகளில் நகைகள் அடகுக்குப் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வேறு. கைவிட்டோம். இன்று அதே நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் கைவிடத்தான் செய்வேன்.

ஆனால் 11 நாள் என்பது வேறு.

வேலைநிறுத்தத்துக்கு அவர்களை நாங்கள் அழைக்கவில்லை. முதல் நாள் காலை காண்ட்ராக்டரின் வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. இறங்கினார்கள். உள்ளே போகாமல் எங்களோடு நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர்களோடு அந்த 41 பேரும் சேர்ந்திருந்தால் அசெம்பிளி பாதி வேகத்திலாவது ஓடியிருக்கும். மூன்றாம் நாளே நாங்கள் தளர்ந்திருப்போம். இது நிர்வாகத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்தாம் நாள் சங்கம் வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசியும் பருப்பும் கொடுத்தது. சந்தாப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதியவன் நான். அவர்கள் சற்றுத் தள்ளி, டீக்கடைப் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போராட்டத்தின் தொடக்கத்தில், ஒரு நாளுக்கு எட்டு நாள் ஊதியம் பிடிப்போம் என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதிலிருந்து இறக்கி, 11 நாளையும் ஈட்டிய விடுப்பில் சரிக்கட்டிக்கொள்வது என்று கொண்டுவர ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாதாடினேன். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம் அது. என் சங்க வாழ்க்கையில் நன்றாக வாதாடிய நாள் என்று அதைத்தான் சொல்வேன். அந்த ஒரு மணி நேரத்தில் ‘அந்த 41 பேருக்கு விடுப்பே கிடையாதே, அவர்களுக்கு என்ன வழி’ என்ற கேள்வி என் வாயிலிருந்து வரவில்லை. கேட்டு மறுத்திருந்தால் நிர்வாகத்தைக் குறை சொல்லலாம். யாரும் மறுக்கவில்லை, நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள் என்று தள்ளியிருப்பார்கள் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சரி, சங்கமே கொடுத்திருக்கலாமே? அன்றைய அவர்கள் கூலி 280 ரூபாய். 41 பேருக்கு 11 நாளென்றால் 1,26,280 ரூபாய். ஒப்பந்தம் முடிந்த மாதம் உறுப்பினர் ஒவ்வொருவரும் சங்கத்துக்கு 2,000 ரூபாய் நன்கொடை கொடுத்தார்கள். 212 பேர். கட்டட நிதிக்கென்று வசூலித்த பணத்தை வேறு வழியில் செலவிடப் பொதுக்குழு ஒப்புக்கொண்டிருக்குமா? தெரியாது. பொதுக்குழு முன் நான் வைக்கவில்லை.

சங்க விதிப்படி நிரந்தரத் தொழிலாளிதான் உறுப்பினர், உறுப்பினருக்குத்தான் சங்கம் என்பதும் நான் வைத்திருந்த பதில்தான். அதை நான் சொல்லக் கூடாது. 1994-ல் நான் நேரடித் தற்காலிகத் தொழிலாளி. சந்தா கட்டாதவன். அப்போதைய செயலாளர் தன் சட்டைப் பையில் ஒரு சிறு டைரி வைத்திருப்பார். எங்கள் ஒன்பது பேரின் பெயர்களுக்கு எதிரே நாள்தோறும் ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. எங்களுக்கே தெரியாமல் 480 வரை எண்ணி, எண்ணி முடித்த மறுநாள் நிர்வாகத்திடம் எடுத்துக்கொண்டு போனார். என் வீடு, என் மகளின் படிப்பு எல்லாம் அந்தக் கோடுகளால் வந்தவை.

சங்கம் சோம்பேறிகளைக் காப்பாற்றுகிறது என்பது வெளியே பலரும் சொல்லும் குறை. மூன்று மாதம் வேலைக்கு வராதவருக்காக உள்விசாரணையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான் எங்கள் சங்கம் கேட்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த ஷாப்பில் ஒரு விரல்கூடப் போகவில்லை. சங்கம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் அந்தப் பொத்தானைத்தான் காட்டுவேன். அந்த பிரஸ்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளிகளும் வேலை செய்தார்கள். அவர்கள் விரலையும் அது காத்தது. எழுதும்போது இதில் ஓர் ஆறுதல் கிடைக்கிறது. உடனே சந்தேகமும் வருகிறது. பொத்தானுக்கு உறுப்பினரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரித்தது சந்தாப் புத்தகமும் நானும்தான்.

அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி சமரச அலுவலர் முன் போட்ட ஒப்பந்தத்துக்கு ஒரு பலம் இருந்தது. சங்கத்தில் இல்லாதவரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும் அது கட்டுப்படுத்தியது. சங்க வகுப்புகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்னும் வராதவருக்கு இடம் வைத்த அந்தக் காகிதத்தில், 11 நாள் வெயிலில் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒரு வரி இல்லை. ஊதிய உடன்பாட்டுக்கும் காண்ட்ராக்டுக்கும் தமிழில் ஒரே சொல் வேறு. எங்களுக்கு ஊதிய உயர்வு தந்ததும் ஒப்பந்தம், அவர்களை வெளியே நிறுத்தியதும் ஒப்பந்தம்.

அதே வகுப்புகளில் 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும், 1921 பின்னி ஆலைப் போராட்டத்தையும் சொல்வேன். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதையும் புளியந்தோப்பில் ரத்தம் சிந்தியதையும் சொல்லி, ‘பிளவு வந்தால் இப்படித்தான்’ என்று முடிப்பேன். அவர்களை யார், எந்த அளவுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

2016 ஒப்பந்தத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் எங்கள் விலையிலேயே கேன்டீன் சாப்பாடு என்று ஒரு வரி சேர்த்தோம். நான் பிடிவாதமாக நின்று வாங்கிய வரி அது. அதற்குள் காண்ட்ராக்டர் மாறியிருந்தார். அந்த 41 பேரில் ஒன்பது பேர்தான் மீதி. செய்யாற்றுத் தம்பி அந்த ஒன்பதில் இல்லை.

போன மாதம், ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாகச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். அந்த 11 நாள் பணத்தை இப்போதாவது கொடுக்க முடியுமா என்று இன்றைய செயலாளரிடம் கேட்டேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. “கமிட்டியில் வைக்கிறேன் அண்ணா. பெயர்ப் பட்டியல் மட்டும் கொடுங்கள்” என்றார்.

சந்தாப் புத்தகத்தில் அவர்கள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். 17 பேர் வரை வந்தது. அதில் நான்கு பேருக்கு ஊர்தான் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. நான்கில் ஒன்று செய்யாறு.