வகுப்பில் இரண்டாவது பெரியவர் இல்லை

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் ‘பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள், இனி என்ன செய்வது’ என்ற இடத்தில்தான் போய் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. இரண்டும் சரியானவை என்பதே என் கருத்து. ‘அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்’ என்னும் மூத்த ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் அன்றாடம் அடி வாங்கிப் பழகியவனுக்கு நம் பிரம்பு புதிதாக எதைச் சொல்லிவிடும்? ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை என்ற அவர்களது குறையில் நியாயம் இருக்கிறது.

சேட்டை செய்யும் பிள்ளைகளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. பட்டப்பெயர் வைப்பதும் பாடவேளையில் விசிலடிப்பதும் அந்த வயதின் இயல்பு. காம்பஸ் முனையால் பக்கத்துப் பையனின் கையைக் குத்துபவன், ஒரு சொல் கடிந்து சொன்னால் நாற்காலியைத் தூக்கி எறிபவன், உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு மதியம்வரை தலை தூக்காதவன் ஆகியோரைப் பற்றியே சொல்கிறேன். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் படித்தவனை வகுப்பிலேயே அரிவாளால் வெட்ட, தடுக்கப் போன ஆசிரியையும் காயமடைந்த செய்தியைப் படித்தபின், ‘சின்னப் பையன்தானே’ என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. மாணவிகளின் துயரம் இந்த அளவுக்குக்கூட வெளியே தெரிவதில்லை. கையைக் கீறிக்கொண்டு முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றி எந்த ஆசிரியரும் தலைமையாசிரியரிடம் புகார் கொண்டுபோவதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பணிந்து போகவே மாட்டான். ஆகவே வகுப்பின் முன்னால் அவனோடு வாதாடுவது, யார் வென்றாலும், தோற்ற வாதம்தான். குரலைத் தாழ்த்தி, வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டு வரச் சொன்னால், அவனுக்கும் மதிப்புக் குறையாது, எனக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நடந்ததைப் பற்றிய பேச்சு பிறகு, தண்ணீர்க் குழாயருகில், இருவர் மட்டும் இருக்கையில் நடக்க வேண்டும். அப்போதும் ‘ஏன் செய்தாய்’ என்ற கேள்வி பயன்படுவதில்லை. பெரும்பாலும் அவனுக்கே அது தெரியாது. ‘அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது’ என்று கேட்டால் ஏதாவது சொல்வான்.

ஒவ்வொரு சம்பவத்தையும் கிழமை, பாடவேளை, அதற்கு முன் நடந்தது ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. சிலருக்கு அது திங்கட்கிழமைக் காலையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தால் காரணம் புரியும். சிலருக்கு எப்போதும் முதல் இரண்டு பாடவேளைகள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் தம்பி உப்புமா சாப்பிட, ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அண்ணன் வெறும் வயிற்றோடு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருந்தால், அவன் எரிந்து விழுவதை ஒழுக்கக்கேடு என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

சில வேளைகளில் நோட்டு வேறு திசையைக் காட்டும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று மூர்க்கமாக நடந்துகொண்டால், யாரோ பெரியவர் அந்தப் பிள்ளையிடம் அத்துமீறியிருக்கலாம். அப்படி ஐயம் எழுந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் பாடநூலில் அச்சிடப்பட்டிருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிய கை எத்தனை என்பது வேறு கதை.

இவ்வளவும் ஓர் ஆசிரியர் தனியாகச் செய்யக்கூடியவை. இவற்றுக்கு எல்லை உண்டு. சட்டப்படி இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஒருவனை வெளியே அழைத்துப் பேசும் அந்தக் கால் மணி நேரத்தில் மற்ற 34 பேரும் ஆளின்றி இருக்கிறார்கள். கையில் குத்துப்பட்ட பையனின் அம்மா மறுநாள் வாசலில் வந்து நின்று கேட்கும் கேள்விக்கு என் நோட்டில் பதில் இல்லை. கடைசியில் பெற்றோரை வரவழைத்து, ‘நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பக்குவமாகச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நீக்கவில்லை, அவர்களாகவே போனார்கள் என்று கோப்பு சொல்லும். பையனின் சிக்கல் அடுத்த ஊர்ப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு மாறியிருக்கும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக, ஒன்றிய அளவில் அரசுப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கு நேரில் வருகிறார்கள், பிள்ளையின் பெயரும் வீட்டு நிலையும் அவர்களுக்குத் தெரியும். அதே மையத்தில் உளவியல் ஆலோசகர் ஒருவரையும் அமர்த்தி, வாரத்தில் ஒரு குறித்த நாளில் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அனுப்பலாம். விழிப்புணர்வு உரை நிகழ்த்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவராக இல்லாமல், அதே பையனை அடுத்த வாரமும் பார்க்கிறவராக அவர் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கலாம் என்றிருக்கிறேன்.