மார்பகத்தை எடுத்தார்கள், பாடுபட்டது கைதான்

மார்பகப் புற்றுநோய்தான் என்று பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தபோது எனக்கு வயது 52. சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம், அதை நம்பித்தான் போனேன், மற்றபடி கையில் தட்டுப்படும்படி கட்டியும் இல்லை, வலியும் இல்லை. படத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்த புள்ளிகள் தெரிகின்றன என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் அழுகை, கூகுள், தூக்கமில்லாத இரவுகள் என்று எல்லாருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்கு எப்படித் தயாரானேன், வீட்டுக்கு வந்தபின் என்ன பாடு என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் தேடியபோது தமிழில் கிடைக்காதது அதுதான்.

முழு மார்பகத்தையும் ஏன் எடுக்க வேண்டும் என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பிழைக்கும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை, டாக்டரே அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் என் இடது மார்பில் அந்தப் புள்ளிகள் ஒரே இடத்தில் இல்லாமல் பரவிக் கிடந்தன. பாதியை வெட்டிப் பாதியை விடுவதில் அர்த்தமில்லை. வயிற்றுச் சதையை எடுத்து வைத்தோ சிலிகான் வைத்தோ உடனே மார்பகத்தை மறுபடி அமைக்கலாம் என்றும் விளக்கினார்கள். அறுவை நேரமும் கூடும், ஆறுவதற்கும் நாள் பிடிக்கும், எனக்கு வேண்டாம் என்றேன். வேண்டும் என்று முடிவெடுக்கும் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் வேண்டாம் என்பவளைப் பார்த்து "இன்னும் யோசிங்க" என்று நான்கு பேர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பணம்: பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) கடிதத்தோடு போனதால் மானியம் கிடைத்தது, மானியமுள்ள பி2 வார்டு, அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் என் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் பெரும்பகுதியைத் தாங்கின. சேர்வதற்கு முன்பே உட்கார வைத்து எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். சமாளிக்க முடியாது என்று தோன்றினால் அப்போதே மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள், பில் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை புற்றுநோய் இல்லை, தாலி. அறுவை அறையில் மின்சாரத்தால் ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம், அதனால் மூக்குத்தி, மெட்டி, தாலி எதுவும் கூடாது. மாமியார் கையில் மஞ்சள் கயிறோடு வந்தார், தங்கம்தானே ஆகாது, கயிறு கட்டிக்கொள்ளட்டுமே என்று. தாதி ஒரு மலாய்ப் பெண், பொறுமையாகச் சொன்னார், கழுத்திலிருந்து கீழே முழுக்க மருந்து போட்டுத் துடைக்கவேண்டும், கயிறும் கூடாது ஆன்ட்டி. மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் என் கணவர் தாலிச் சங்கிலியை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். "கீழ மட்டும் வச்சிடாதடா" என்றார் மாமியார், அவ்வளவுதான், பிரச்சினை முடிந்தது. மெட்டிதான் சோப்பு போட்டும் வர மறுத்தது. அதையெல்லாம் முதல் நாளே வீட்டில் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நாம் மருந்து என்றே நினைக்காமல் சாப்பிடுபவை. மஞ்சள்தூள் கேப்சூல், மீன் எண்ணெய், ஊரிலிருந்து வரும் லேகியம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சில ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள்.

வீட்டில் செய்த வேலைகளில் உருப்படியானது, மேல் அலமாரியில் இருந்த அரிசி, பருப்பு, பெரிய பாத்திரம் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கியது. அப்புறம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி சில வாங்கினேன். தலைவழியாகப் போடும் எதுவும் கொஞ்ச காலத்துக்கு ஆகாது.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தூங்கினேன், எழுந்தேன். ஒன்று மட்டும். நோய் அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்பில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சுகளைக் கண்டுபிடித்து எடுப்பார்கள். மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாக வரும். தாதி முன்னாலேயே சொல்லியிருந்தார், இல்லையென்றால் கழிவறையிலேயே மயங்கியிருப்பேன்.

வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. தொல்லை கொடுத்தது டிரெயின் குழாய். தோலுக்கடியில் சேரும் நீரை வெளியேற்ற ஒரு குழாய், அதன் முனையில் ஒரு புட்டி, அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தினமும் ஒரே நேரத்தில் அளவு பார்த்து எழுதவேண்டும், முதலில் ரத்தமாக வந்தது பிறகு வெளிர் மஞ்சளாக மாறும், அளவு ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கித் தொடர்ந்து அப்படியே இருந்தால் எடுப்போம் என்றார்கள். எனக்கு இறங்கவே இல்லை, இறங்கிய மறுநாள் ஏறும். மகள் தைத்துக் கொடுத்த துணிப்பையில் புட்டியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில்கூடப் போய்வந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படுக்கும்போதுதான் கவனம் வேண்டும், புரண்டால் குழாய் இழுக்கும்.

இதற்கிடையே எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி விரால் மீன் சூப் கொண்டுவர ஆரம்பித்தார். இங்கே சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று மூன்று சமூகமும் ஒத்துப்போகும் விஷயம் அது, வெட்டுக்காயம் என்றால் ஹருவான், அதாவது மலாயில் விரால். மந்திரம் ஒன்றுமில்லை, காயம் ஆறப் புரதம் தேவை, மீனில் அது இருக்கிறது. இஞ்சி போட்டு நன்றாகவே இருந்தது.

கைக்கு வருகிறேன். தழும்பைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன், பார்த்தால் ஒரு கோடு, கொஞ்சம் அழுதேன், பழகிவிட்டது. ஆனால் இடது கை தோளுக்குமேல் போக மறுத்தது. மேல்கையின் உட்புறம் மரத்துப்போயிருந்தது, அங்கே செல்லும் மெல்லிய நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவது சகஜமாம். சில வாரம் கழித்துக் கையைத் தூக்கினால் அக்குளில் வீணைக் கம்பி போல ஏதோ விறைத்துக்கொண்டு முழங்கைவரை இழுத்தது. உடற்பயிற்சி சிகிச்சையாளர் பார்த்து, நிணநீர் முடிச்சு எடுத்தவர்களுக்கு இப்படி வரும், பயந்து கையை மடக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அப்புறம் தோள் இறுகிவிடும் என்றார். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி கொடுத்தார். சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தினமும் கொஞ்சம் மேலே ஏறினேன், மாமியார் பக்கத்தில் நின்று "இன்னும் ஒரு சாண்" என்பார். துணி காயப்போடும் மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது, கடைசியில் கழியையே விட்டுவிட்டு உள்ளே ஸ்டாண்டு வாங்கிவிட்டோம்.

நிணநீர் தேங்கிக் கை வீங்காமலிருக்க, அந்தப் பக்கத்தில் ஊசி, ரத்த அழுத்தம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் எங்கே போனாலும் வலது கையைத்தான் நீட்டுகிறேன். காய்கறி நறுக்கும்போது வெட்டுக்காயம் பட்டால் உடனே கழுவி மருந்து போடுவேன். முடிச்சுகளில் பரவவில்லை, ஹார்மோனால் வளரும் வகை என்பதால் அதைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை போகிறது, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொள்கிறேன்.

புடவை கட்டமுடியுமா என்று கேட்ட தோழிக்கு: முடியும். காயம் ஆறும்வரை பஞ்சு வைத்த இலேசான செயற்கை மார்பகம், அப்புறம் சிலிகானில் எடையுள்ளது. எடை இல்லையென்றால் ஒரு தோள் ஏறிக்கொள்ளும், ரவிக்கையும் ஒரு பக்கம் இழுக்கும். ரவிக்கையின் உள்ளே லைனிங்கில் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கழுத்து கொஞ்சம் மேலே இருக்கட்டும். என் தையல்காரம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, அளவு டேப்பை எடுத்தபடி, பை பருத்தியா சாட்டினா என்று மட்டும் கேட்டார். பருத்தியே சொல்லுங்கள், நம் ஊர் வெக்கைக்கு சாட்டின் வழுக்கும்.