மினி லாரியில் மினுக்கும் ஆயில் விளக்கு: கேஜ் மாட்டியது முதல் இன்றுவரை

ஒத்தக்கடைப் பக்கம் கொட்டகையில் வைத்து நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவரும் பழைய நாலு சிலிண்டர் மினி லாரி இப்போது ரோட்டில் ஓடுகிறது. ஆனால் ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு, அதாவது ஆயில் விளக்கு, நிம்மதியாக இருக்க விடவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அணைந்துவிடும். மேலூர் வரை போய்த் திரும்பி, இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது மினுக்கும். ஆக்ஸிலேட்டரில் கால் பட்டதும் அணையும்.

பட்டறை அண்ணன் கேட்டவுடனே, "கிராங்க் பேரிங் தேஞ்சிருச்சு தம்பி, இன்ஜினை இறக்கிருவோம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் இடைவெளி கூடினால் ஆயில் அந்த வழியே சுலபமாக வழிந்துவிடும், பிரஷர் நிற்காது. சூட்டில் ஆயில் இளகும்போதுதான் அது விளக்கில் தெரியும். ஆனால் ஒட்டிக்கொண்ட ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் வால்வு), அடைத்துக்கொண்ட ஸ்ட்ரெய்னர் (ஆயிலை உறிஞ்சும் இடத்துச் சல்லடை), தரமிழந்த ஆயில், ஏன், கெட்டுப்போன சுவிட்ச்கூட இதே வேலையைச் செய்யும். இன்ஜினை இறக்குவது பெரிய செலவு. அதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இன்ஜின் பிளாக்கில் இருக்கும், விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கழற்றி, அதே மரைக்கு லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து வாங்கி, பிரஷரை அளக்கும் மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். குளிர்ந்த இன்ஜினில் முள் 4 கிலோவைத் (சதுர சென்டிமீட்டருக்கு) தொட்டது. பிறகு உசிலம்பட்டி வழியாக ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி இறங்கி வந்து பார்த்தேன். ஐடிலில் 0.3 கிலோ. முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி சுவிட்சுகள் பொதுவாக அரை கிலோ பக்கத்தில்தான் விளக்கைப் போடும். ஆக, சுவிட்ச் பொய் சொல்லவில்லை, பிரஷர் நிஜமாகவே குறைவு. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பவுண்டு, அதாவது 0.7 கிலோவாவது வேண்டும் என்பது பட்டறைகளில் சொல்லும் தோராயக் கணக்கு. இரண்டாயிரத்தில் எனக்கு ஒன்றுகூட ஏறவில்லை.

அடுத்து டிப் ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. விஷயம் இங்கேதான் திரும்பியது. பிரஷர் குறைந்தால் ஆயில் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் பார்ப்பார்கள். இதில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் ஏறியிருந்தது! ஊற்றாமல் ஆயில் எப்படிக் கூடும்? குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் டீசல் வாடை. நியூஸ் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். நடுவில் கறுப்பு வட்டம் அப்படியே நிற்க, அதைச் சுற்றி எண்ணெய்ப் பசையுள்ள வெளிர் வளையம் அகலமாகப் பரவிக்கொண்டே போனது. பக்கத்திலேயே விட்ட புது ஆயில் சொட்டு அந்த அளவுக்கு ஓடவில்லை.

ஆக, ஆயிலில் டீசல் கலந்து அது நீர்த்திருக்கிறது. அந்த டீசல் எங்கிருந்து வருகிறது? சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலையும் கழற்றிக் கொடுத்துச் சோதித்தேன், ஒன்றும் ஒழுகவில்லை. மிச்சம், டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப். இந்த வண்டியில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தள்ளும் இன்லைன் பம்பின் கேம் அறைக்கு இன்ஜின் ஆயில்தான் போய் வருகிறது, ஃபீட் பம்ப் அதன் விலாவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தள்ளுதண்டு ஓடும் துளை தேய்ந்தால் டீசல் கேம் அறைக்குள் கசிந்து, அங்கிருந்து சம்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கும். வெளியே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. பம்பைக் கழற்றி, வெளிப்போகும் வாயை போல்ட்டால் அடைத்து, உறிஞ்சும் குழாயை டீசல் கேனில் விட்டுக் கைப்பம்பை அடித்தேன். தண்டைச் சுற்றி முத்து முத்தாக டீசல் கோர்த்து, திரண்டு, சொட்டத் தொடங்கியது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

புது ஃபீட் பம்ப், புது ஃபில்டர், 15டபிள்யூ-40 ஆயில். ஆனால் நீர்த்த ஆயிலில் ஓடிய பேரிங்கை நம்பி அப்படியே விடக்கூடாது. எடுத்த பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பார்த்தேன். நுண்ணிய கறுப்புக் கசடு இருந்தது, பேரிங் தேய்ந்தால் வரும் செம்பு நிறத் துகள் இல்லை. ஆயில் ஊற்றுவதற்கு முன் சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரையும் கழுவினோம். அப்படியே அண்ணன், கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த பேரிங் ஷெல்லைக் கையில் எடுத்தார். மேல் பூச்சின் சாம்பல் நிறம் முழுசாக இருந்தது, மயிரிழைக் கீறல்கள் மட்டும். "இது இன்னும் ஓடும், மூடுப்பா" என்றார்.

மறுபடி அதே கணவாய் ஏறி வந்ததும் ஐடிலில் 1.1 கிலோ, இரண்டாயிரத்தில் 3. விளக்கு மினுக்கவில்லை. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கை இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை, அது அடுத்த வேலை. அதுவரை தினமும் வண்டி எடுக்கும் முன் டிப் ஸ்டிக்கைப் பார்க்கிறேன். ஆயில் குறைகிறதா என்பதோடு ஏறுகிறதா என்பதையும் கவனிக்கிறேன்.